1873-இல் ஜப்பான்: காலவரிசைப் பட்டியல், பிழை பார்த்துச் சொல்லுங்கள்

#1 ஏடுபுரட்டி

1873-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்தவற்றைத் தேதி வாரியாகத் தொகுக்கிறேன். வரைவு கீழே இருக்கிறது. தயங்காமல் வெட்டித் திருத்துங்கள்.

28 நவம்பர் 1872: கட்டாய ராணுவச் சேவைப் பிரகடனம்
3 டிசம்பர் 1872: பழைய நாட்காட்டி ஒழிப்பு
10 ஜனவரி 1873: கட்டாய ராணுவச் சேவை ஆணை
11 பிப்ரவரி: ஜிம்மு பேரரசர் (புராணப்படி ஜப்பானின் முதல் பேரரசர்) அரியணை ஏறிய நாள், முதல் கொண்டாட்டம்
24 பிப்ரவரி: கிறித்தவத் தடைப் பலகைகள் அகற்றம்
மே, ஜூன்: நிலவரியை எதிர்த்து மிமாசகா, புகுவோகா கலவரங்கள்
28 ஜூலை: நிலவரிச் சீர்திருத்தம் (விளைச்சலில் 3%)
1 ஆகஸ்ட்: முதல் தேசிய வங்கி திறப்பு
அக்டோபர்: கொரியா விவகாரம், அரசு ஆலோசகர் சைகோ தகமோரி விலகல்
10 நவம்பர்: உள்துறை அமைச்சகம்

#2 திதிக்கணக்கு

முதல் இரண்டு வரியும் தப்பு, நான்காவதும் தப்பு. நான்காவதைப் பிறகு சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றே: பழைய நாட்காட்டியின் மாத எண்ணை அப்படியே ஆங்கில மாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மெய்ஜி (அப்போதைய பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு) 5-ஆம் ஆண்டின் 11-ஆம் மாதம் 1-ஆம் நாள் என்பது 1 டிசம்பர் 1872. அந்த மாதத்துக்கு 29 நாள். ஆகவே 12-ஆம் மாதம் 1-ஆம் நாள் டிசம்பர் 30, 2-ஆம் நாள் டிசம்பர் 31. அதற்கு மறுநாள், அதாவது 12-ஆம் மாதம் 3-ஆம் நாளாக இருந்திருக்க வேண்டியதுதான், 'மெய்ஜி 6, 1-ஆம் மாதம் 1-ஆம் நாள்' ஆயிற்று. அதுவே 1 ஜனவரி 1873. நீங்கள் போட்டிருக்கும் '3 டிசம்பர் 1872' அன்று எதுவும் மாறவில்லை.

அதே கணக்கில் ராணுவப் பிரகடனம் 11-ஆம் மாதம் 28, அதாவது 28 டிசம்பர் 1872. நாட்காட்டி மாற்ற ஆணை 11-ஆம் மாதம் 9, அதாவது 9 டிசம்பர். ஆணைக்கும் நடைமுறைக்கும் இடையே இருந்தது 23 நாள்தான்.

ஓர் எச்சரிக்கை. அந்த 11-ஆம் மாதத்தில் மட்டும் நாள் எண் தற்செயலாக டிசம்பரோடு ஒத்துப்போகிறது. இதைப் பார்த்துவிட்டு 'மாதத்தில் ஒன்றைக் கூட்டினால் போதும்' என்று பொதுவிதி செய்துவிடாதீர்கள். தோக்கியோ–யோக்கோஹாமா ரயில் திறப்பு விழா 9-ஆம் மாதம் 12. ஆங்கிலத் தேதி 14 அக்டோபர் 1872. ஒவ்வொரு மாதமும் அமாவாசையில் தொடங்கி 29 அல்லது 30 நாள் ஓடும். மாதத்துக்கு மாதம் அட்டவணை பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

#3 ஏடுபுரட்டி

நன்றி ஐயா. 23 நாள் அவகாசத்தில் ஒரு நாட்டின் நாட்காட்டியை மாற்றுவதா? இவ்வளவு அவசரம் ஏன்?

#4 செப்புக்காசு

காசுதான். பழைய கணக்குப்படி மெய்ஜி 6-இல் ஓர் அதிக மாதம் வந்திருக்கும், 6-ஆம் மாதத்துக்குப் பின். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம் என்றால் அதிகாரிகளுக்குப் பதின்மூன்று சம்பளம். புது நாட்காட்டியில் பன்னிரண்டு. அதோடு மெய்ஜி 5-இன் 12-ஆம் மாதம் இரண்டே நாளில் முடிந்துபோனதால் அதற்கும் சம்பளம் தரவில்லை. ஆக இரண்டு மாதச் சம்பளம் மிச்சம். நிதிப் பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெனொபு பிற்காலத்தில் இந்த அதிக மாதக் காரணத்தைத் தாமே சொல்லியிருக்கிறார்.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. 12-ஆம் மாதத்தின் அந்த இரண்டு நாளை 11-ஆம் மாதம் 30, 31 என்று அழைக்கலாம் என ஓர் ஆணை போட்டு, மறுநாளே திரும்பப் பெற்றார்கள். அடி வாங்கியது பஞ்சாங்கம் அச்சிட்ட வணிகர்கள். மெய்ஜி 6-க்கான பழைய முறைப் பஞ்சாங்கம் ஏற்கெனவே அச்சாகி விற்பனைக்கு வந்திருந்தது. அத்தனையும் வெறுங்காகிதமாயிற்று. நட்டத்துக்கு ஈடாக அவர்களின் விற்பனைத் தனியுரிமையை நீட்டிக்க வேண்டியிருந்தது.

#5 திதிக்கணக்கு

அவசரத்தின் தடயம் ஆணையிலேயே இருக்கிறது. ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்று எழுதினார்கள். நூற்றாண்டு விதி (1900 லீப் ஆண்டு அல்ல, 2000 லீப் ஆண்டு) விட்டுப்போனது. எழுத்துப்படி பார்த்தால் 1873-இல் ஜப்பான் ஏற்றது கிரிகோரியன் தேதியில் ஓடும் ஜூலியன் விதி! 1900 நெருங்கியபோதுதான் விழித்துக்கொண்டு, 1898-இல் தனி அரசாணை போட்டார்கள்.

அந்த 1898 விதி கிறித்து ஆண்டைச் சொல்லாமல் சுற்றி வளைக்கும். ஜிம்மு ஆண்டு எண் (கிறித்து ஆண்டு + 660) 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. ஆனால் அதிலிருந்து 660-ஐக் கழித்து வரும் எண் 100-ஆல் வகுபட்டு, ஈவு 4-ஆல் வகுபடவில்லை என்றால் சாதாரண ஆண்டு. 2560-ஐப் போட்டுப் பாருங்கள்: 660 போக 1900, ஈவு 19, நான்கால் வகுபடாது. 660-ஐக் கழிப்பதென்பது கிறித்து ஆண்டுக்கே திரும்பி வருவதுதான், பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இனி பிப்ரவரி 11. ஜிம்மு நாள் 1873-இல் கொண்டாடப்பட்டது ஜனவரி 29-இல். புராணக் கணக்கில் அவர் அரியணை ஏறியது ஆண்டின் முதல் மாதம் முதல் நாள். அதைப் புது நாட்காட்டிக்கு மாற்றி ஜனவரி 29 என்று வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், 1873-இல் பழைய புத்தாண்டும் அதே ஜனவரி 29-இல் விழுந்தது. அரசு ஜிம்முவுக்கு விழா எடுத்தது; சனங்கள் வழக்கமான புத்தாண்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். இது ஆகாது என்று மறுபடி கணக்குப் போட்டு பிப்ரவரி 11-ஐ நிலைநிறுத்தினார்கள். 1873 அக்டோபர் 14-இல் வந்த விடுமுறைப் பட்டியலில் அது உண்டு. ஆக முதல் பிப்ரவரி 11 விழா 1874-இல்தான்.

பட்டியலில் 4 ஜனவரி 1873-ஐயும் சேருங்கள்: ஐந்து பழைய பருவத் திருநாள்கள் அரசு விழா என்ற தகுதியை இழந்த நாள். பேரரசர் பிறந்தநாளும் நகர்ந்தது. 9-ஆம் மாதம் 22 என்று கொண்டாடி வந்ததை, அவர் பிறந்த 1852-க்கே போய் மாற்றி நவம்பர் 3 ஆக்கினார்கள்.

#6 கல்வெட்டான்

ஞாயிறு விடுமுறையும் 1873-இல் வந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். இல்லை. அரசு அலுவலகங்களுக்கு அப்போது 1, 6 என்று முடியும் தேதிகளில்தான் விடுமுறை. ஞாயிறு விடுமுறையும் சனி அரைநாளும் 1876 ஏப்ரலில் வந்தன.

#7 ஏடுபுரட்டி

'நண்பகல் 12' என்று ஓர் ஆவணக் குறிப்பில் இருந்தது. மூலத்தில் 'முற்பகல் 12' என்று இருப்பதாக ஒருவர் சொன்னார். எது சரி?

#8 திதிக்கணக்கு

இரண்டும் ஒன்றே. அதே நாட்காட்டி ஆணைதான் நேரத்தையும் மாற்றியது. அதன் அட்டவணையில் நண்பகல் 'முற்பகல் 12 மணி', நள்ளிரவு 'பிற்பகல் 12 மணி'. இன்றைய டிஜிட்டல் கடிகார வழக்கத்தை மனதில் வைத்துப் படித்தால் பன்னிரண்டு மணி நேரம் தவறிப்போவீர்கள்.

அதற்கு முந்தைய முறை வேறு. விடியல் முதல் அந்திவரை ஆறு பங்கு, அந்தி முதல் விடியல்வரை ஆறு பங்கு. நம் நாழிகை எப்போதும் 24 நிமிடம். இவர்கள் பங்கோ பருவத்தோடு நீளும், சுருங்கும். ஒரு பகல் பங்கு கோடையின் உச்சத்தில் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம், குளிர்கால உச்சத்தில் 1 மணி 50 நிமிடம். மணியோசையும் நேர்வரிசையில் போகாது: நண்பகலில் 9, பிறகு 8, 7, அந்தியில் 6, பிறகு 5, 4, நள்ளிரவில் மறுபடி 9. ஒன்று, இரண்டு, மூன்று கிடையவே கிடையாது.

இதற்கென்று செய்த கடிகாரங்களில் ஊசலுக்குப் பதிலாக எடை தொங்கும் குறுக்குத்தண்டு இருக்கும். நல்ல வகையில் இரண்டு தண்டு, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று. விடியலிலும் அந்தியிலும் தானே மாறிக்கொள்ளும். ஆனாலும் ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடைகளைக் கையால் நகர்த்தி வைக்க வேண்டும். எடை வெளிப்பக்கம் போனால் ஓட்டம் மெதுவாகும், உள்ளே வந்தால் வேகமாகும். 1873 முதல் இந்த நுட்பத்துக்கு வேலை போய்விட்டது.

இன்னொரு பொறி: 1873-இல் நாடு முழுவதற்குமான பொது நேரம் இல்லை. கிழக்கு 135 டிகிரி நெடுவரை நேரம் 1 ஜனவரி 1888 முதல்தான். தோக்கியோ அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 4¾ டிகிரி கிழக்கே இருக்கிறது, டிகிரிக்கு 4 நிமிடம். ஆகவே 1873 தோக்கியோ நண்பகல் இன்றைய கணக்கில் 11.41.

#9 வரப்புமேடு

நாட்காட்டி முடிந்ததா? நிலவரி பற்றிய குறிப்பு எனக்கு உறுத்துகிறது. 'விளைச்சலில் 3%' என்பது இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்ப வரும் பிழை. 3% நிலத்தின் மதிப்பில். அந்த மதிப்பு சந்தை விலையும் அல்ல. ஒரு சூத்திரத்தில் பிறந்தது. அரசு அதிகாரிகளுக்குக் கொடுத்த மாதிரிக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன்.

அளவுகள் முதலில். 1 டான் = 300 சுபோ, ஏறக்குறைய 992 சதுர மீட்டர், கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. 1 கோக்கு = ஏறக்குறைய 180 லிட்டர். 1 யென் = 100 சென்.

ஒரு டான் நெல்வயல், சொந்தப் பயிர்:
விளைச்சல் 1.6 கோக்கு அரிசி, கோக்கு 3 யென் வீதம்: 4.80 யென்
விதை, உரம் 15% கழிவு: 0.72, மீதி 4.08
நிலவரி (மதிப்பில் 3%): 1.224
ஊர்ச்செலவு வரி (மதிப்பில் 1%): 0.408
மீதி 2.448. இதை 6% வட்டி தரும் முதலாகப் பார்த்தால் நில மதிப்பு 40.80 யென்.

வரியைக் கண்டுபிடிக்க மதிப்பு வேண்டும், மதிப்பைக் கண்டுபிடிக்க வரி வேண்டும். வட்டமாகச் சுற்றுவதுபோல் தெரிந்தாலும் தீர்வு எளிது: 3% + 1% + 6% = 10%. ஆகவே 4.08-ஐப் பத்தால் பெருக்கினால் போதும். அதாவது மொத்த விளைச்சல் மதிப்பை 8.5-ஆல் பெருக்கு.

#10 ஏடுபுரட்டி

40.80-க்கு 1.224 யென்தானே வரி? சுமை குறைவு என்றல்லவா தோன்றுகிறது?

#11 வரப்புமேடு

மதிப்போடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். விளைச்சலோடு ஒப்பிடுங்கள். 1.224 + 0.408 = 1.632. மொத்தம் 4.80. ஆக 34%, அதுவும் செலவு கழிக்காத மொத்த விளைச்சலில். நிலவரி மட்டும் 25.5%. பழைய நிலவரி வருமானம் குறையக் கூடாது என்பதே அரசின் குறிக்கோள். சூத்திரத்தை அதற்கேற்பத்தான் வளைத்திருக்கிறார்கள்.

எங்கே வளைந்தது என்று பாருங்கள். கழித்தது விதையும் உரமும் மட்டுமே. உழவன் உழைப்புக்கு ஒரு சென்கூடக் கழிவு இல்லை. கூலி கழித்திருந்தால் மதிப்பு அடியோடு விழுந்திருக்கும். அடுத்தது வட்டி. கிராமத்தில் அந்த வட்டிக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். வட்டி விகிதத்தைத் தாழ்த்திப் பிடித்தால் நில மதிப்பு ஏறும், கூடவே வரியும் ஏறும்.

குத்தகை நிலத்துக்கு இரண்டாவது சூத்திரம். விளைச்சலில் 68% நிலக்காரருக்குக் குத்தகை: 1.088 கோக்கு, 3.264 யென். அதில் வரிகள் 1.632 போக மீதி 1.632. இதை 4% வட்டியில் முதலாக்கினால் அதே 40.80 வருகிறது. வட்டி 6-இலிருந்து 4-க்கு ஏன் இறங்கியது? இறக்காவிட்டால் ஒரே வயலுக்கு இரண்டு மதிப்பு வரும், அதனால்தான். விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போட்ட மாணவன் கதை. பங்கீடு இப்படி: அரசுக்கும் ஊருக்கும் 34, நிலக்காரருக்கு 34, குத்தகையாளருக்கு 32.

#12 செப்புக்காசு

வரப்புமேடு சொன்னதோடு விலையையும் சேர்க்க வேண்டும். வரி இப்போது பணமாக, நிலையான தொகையாக. விளைச்சல் பொய்த்தாலும் அதே தொகை. அரிசி கோக்கு 2 யென்னுக்கு இறங்கினால் அதே டானின் மொத்த வரவு 3.20, வரி அதே 1.632, சுமை 51%. விலை ஏறினால் மறுபக்கம். 1880 வாக்கில் தோக்கியோவில் கோக்கு 10 யென்னைத் தாண்டியது. அதே 1.6 கோக்கு 16 யென். நிலவரி அப்போது 2.5%-க்கு இறங்கியிருந்தது, அதாவது 1.02 யென், மொத்தத்தில் 6.4%தான். ஒரே சட்டம், ஏழாண்டு இடைவெளி, நிலவரிச் சுமை 25.5%-இலிருந்து நான்கில் ஒன்று. அரசு வருமானம் எண்ணில் ஏறவில்லை, வாங்கும் சக்தியில் கரைந்தது.

#13 கல்வெட்டான்

வயலை அளந்தது யார் என்பதையும் எழுதுங்கள். அதிகாரிகள் அல்ல, ஊர்க்காரர்களே. ஒவ்வொரு துண்டிலும் எண், பரப்பு, உடைமையாளர் பெயர் எழுதிய முளையடித்து, கோணல் மாணலான வயலை நாற்கரமாகச் சமன்செய்து, நடுவே நெடுக்கும் குறுக்குமாகக் கயிறு பிடித்து இரண்டையும் பெருக்குவார்கள். பிறகு அதிகாரி வந்து சில துண்டுகளை மட்டும் சரிபார்ப்பார். வளைந்த வரப்பு, மலைச்சரிவுப் படிவயல் ஆகியவற்றில் இம்முறை பிசகும். நிலப்பத்திரம் (நம் பட்டா போல) 1872-இலேயே கொடுக்கத் தொடங்கியாயிற்று, ஆனால் அளவையும் மதிப்பீடும் நாடு முழுக்க முடிய 1881 வரை இழுத்தது.

ஆகவேதான் உங்கள் பட்டியலின் 'நிலவரியை எதிர்த்து மே, ஜூன் கலவரம்' தவறு. சட்டமே ஜூலை 28-இல்தான் வந்தது! 1873 கலவரங்களின் காரணங்கள் வேறு. நிலவரிக் கலவரம் என்றால் 1876 இறுதியில் இபராக்கி, மியே. அதன் விளைவாக 1877 ஜனவரியில் வரி 3-இலிருந்து 2.5 சதவிகிதத்துக்கு இறங்கியது. 'மூங்கில் ஈட்டியால் ஒரு குத்து, வெளியே விழுந்தது இரண்டரை' என்று சனங்கள் எள்ளினார்கள்.

#14 ஏடுபுரட்டி

அப்படியானால் 1873 கலவரத்துக்கு எதைக் காரணமாகப் போடுவது? 'ரத்த வரி' வதந்தி என்று மட்டும் எழுதினால் போதுமா?

#15 கல்வெட்டான்

போதாது. அப்படி எழுதினால் சனங்கள் ஒரு சொல்லைத் தவறாகப் படித்த முட்டாள்கள் என்றாகிவிடும். சொல் பிரகடனத்தில் இருந்தது உண்மை: நாட்டுக்கு ஆண்மகன் செலுத்தும் கடனை மேல்நாட்டார் 'ரத்த வரி' என்பர் என்று எழுதியிருந்தார்கள். ரத்தத்தைப் பிழிந்து எடுப்பார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் உண்மை. ஆனால் அடியில் இருந்தது கணக்கு.

ஆணை 20 வயது ஆண்களைக் கேட்டது. மூன்றாண்டு நேரடிச் சேவை, பிறகு இரண்டாண்டு, மறுபடி இரண்டாண்டு காத்திருப்புப் படை. அமைதிக்காலப் படை 31,680 பேர், போர்க்காலத்தில் 46,350. படைத்தளங்கள் ஆறு: தோக்கியோ, செந்தாய், நகோயா, ஒசாக்கா, ஹிரோஷிமா, குமமோத்தோ. 1873-இல் ஆளெடுப்பு தோக்கியோத் தளத்தில் தொடங்கியது. விலக்குப் பட்டியலோ நீளம்: குடும்பத்தலைவர், வாரிசு மகன், ஒரே பிள்ளை, அதிகாரி, அரசுப் பள்ளி மாணவர், 5 ஷாக்கு 1 சுன் (ஏறக்குறைய 154.5 செ.மீ.) உயரத்துக்குக் கீழ் உள்ளவர், 270 யென் கட்டியவர்.

வரப்புமேட்டின் கணக்கில் 270 யென் என்பது 6.6 டான் நெல்வயலின் மதிப்பு. சின்ன உழவனின் மொத்த நிலமே அவ்வளவு இருக்காது. ஆக மாட்டியது ஏழை வீட்டு இரண்டாம், மூன்றாம் மகன்கள். தப்பிக்க நடைமுறை வழி ஒன்று உண்டு: ஆண்வாரிசு இல்லாத வீட்டுக்குத் தத்து போய் 'வாரிசு' ஆகிவிடுவது. இது பெருகப் பெருக அரசு விலக்குகளை 1879, 1883 என்று இறுக்கி, 1889-இல் வாரிசு விலக்கையே எடுத்துவிட்டது.

மிமாசகா (இன்றைய ஒகயாமாவின் வடபகுதி) பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 1871-இல் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குச் சம உரிமை அறிவித்த ஆணையும் அங்கே கோபத்துக்கு இலக்கு. கலவரக்காரர்கள் அம்மக்களின் குடியிருப்புகளைக் கொளுத்தி 18 பேரைக் கொன்றார்கள். 'அரசை எதிர்த்த உழவர் எழுச்சி' என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை. ஜூனில் நடந்த புகுவோகாவில் வறட்சியும் அரிசி விலையும் முன்னே நின்றன. அங்கும் அதே மக்களின் வீடுகள் எரிந்தன. ககாவா பக்கம் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. பள்ளிச் செலவு ஊரார் தலையில் விழுந்திருந்தது.

#16 செப்புக்காசு

வங்கி பற்றிய குறிப்பு: ஆகஸ்ட் 1 சரி. மேயில் நிதி அமைச்சகத்தை விட்டு வெளியேறிய ஷிபுசவா எய்ச்சி முன்னின்று நடத்தியது. 'தேசிய' என்றாலும் அரசு வங்கி அல்ல. தேசியச் சட்டத்தின்கீழ் அமைந்த தனியார் பங்கு நிறுவனம். இயக்கம் இப்படி: மூலதனம் 100 யென் என்றால் 60-ஐ அரசின் காகிதப் பணமாகக் கொடுத்து 6% கடன்பத்திரம் வாங்க வேண்டும். பத்திரத்தை ஈடு வைத்தால் 60 யென்னுக்கு வங்கித்தாள் கிடைக்கும். மீதி 40 தங்கமாகப் பெட்டியில். தாளை நீட்டியவருக்குத் தங்கம் தர வேண்டும்.

கெட்டது அந்தக் கடைசி வரியில். காகிதத்துக்கு எதிராகத் தங்க விலை ஏறியதும், வெளியே போன தாள் தங்கம் கேட்டு உடனே திரும்பி வந்தது. தாள் புழங்கவே இல்லை. 1876-இல் தங்கம் தரும் கட்டாயத்தை எடுக்கும்வரை நான்கே வங்கிகள். எடுத்த பிறகு 1879-க்குள் 153. #12-இல் சொன்ன விலையேற்றத்தில் இதற்கும் பங்கு உண்டு.

#17 கல்வெட்டான்

அக்டோபரை ஒரே வரியாக விடாதீர்கள், தேதிகள் முக்கியம். ஆகஸ்ட் 17: சைகோவைக் கொரியாவுக்குத் தூதராக அனுப்ப முடிவு, மேல்நாட்டுப் பயணத்தில் இருந்த மூத்த அமைச்சர் இவாகுரா தொமோமி நாடு திரும்பும்வரை அறிவிப்பு நிறுத்திவைப்பு. செப்டம்பர் 13: இவாகுரா திரும்பினார். அக்டோபர் 15: முடிவு மறுபடி உறுதி. 18: தலைமை அமைச்சர் சன்ஜோ சனெதொமி நோயில் விழுந்தார். இவாகுரா பொறுப்பேற்று, பேரரசரிடம் தம் எதிர்க்கருத்தையும் சேர்த்து வைத்தார். 24: தூது ரத்து. சைகோவை அடுத்து இதாகாகி, எத்தோ, கோத்தோ, சொயெஜிமா ஆகிய ஆலோசகர்களும் விலகினர். நவம்பர் 10 உள்துறை அமைச்சகம், அதன் தலைமையில் ஒகுபோ தொஷிமிச்சி.

#18 திதிக்கணக்கு

கொரிய ஆவணங்களோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் கவனம். கொரியா 1 ஜனவரி 1896 வரை பழைய நாட்காட்டியில்தான் இருந்தது. ஒரே சம்பவத்துக்கு ஜப்பானியத் தாளில் ஒரு தேதி, கொரியத் தாளில் வேறு. அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் இரு நாட்டுக்கும் பொது: 1873 அவர்கள் சுழற்சியில் 10-ஆவது, 'நீர்ச் சேவல்'. நம் ஸ்ரீமுக 7-ஆவது. நம் சுழற்சி மூன்றாண்டு பின்னால் ஓடுகிறது.

ஜப்பானியக் கிராமக் கணக்கேடுகளிலும் 1873-க்குப் பிறகு பழைய தேதி தொடர்ந்து வரும். அரசு நாட்காட்டியே 1909 வரை பழைய தேதியைப் பக்கத்தில் அச்சிட்டது. 'மெய்ஜி 6' என்று பார்த்ததும் புதுத் தேதி என்று முடிவுகட்டாதீர்கள்.

#19 ஏடுபுரட்டி

திருத்திய வரிகள்:

9 டிசம்பர் 1872: நாட்காட்டி, நேர மாற்ற ஆணை (நடைமுறை 1 ஜனவரி 1873)
28 டிசம்பர் 1872: ராணுவச் சேவைப் பிரகடனம்
4 ஜனவரி: ஐந்து திருநாள்கள் நீக்கம்
29 ஜனவரி: ஜிம்மு நாள் (1874 முதல் பிப்ரவரி 11)
மே, ஜூன்: மிமாசகா, புகுவோகா, ககாவா கலவரங்கள், ராணுவச் சேவை, பள்ளிச் செலவு, அரிசி விலை, 1871 சம உரிமை ஆணை
28 ஜூலை: நிலவரிச் சீர்திருத்தம், நில மதிப்பில் 3%, பணமாக

பிப்ரவரி 24 பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது சரிதானே?

#20 கல்வெட்டான்

தேதி சரி. 'தடை நீங்கியது' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். பலகைகளை இறக்கிய ஆணை, அதில் எழுதியிருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே, இனிப் பலகை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. மத உரிமை சட்டத்தில் ஏறியது 1889 அரசமைப்பில். நீங்கள் எழுதியிருக்கும் 'பலகைகள் அகற்றம்' அப்படியே இருக்கட்டும்.